கோலிக்கும் தொப்புள் உண்டு!

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் பாட்டி காலத்துப் பித்தளைக் கூஜாவைப் புளி போட்டுத் தேய்ப்பது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்த திருச்சி சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டுப் பரணில் ஒரு டப்பா நிறையக் கோலிக்குண்டு இருக்கிறது. பழைய கோலிக்கு ஆயிரக்கணக்கில் விலை என்கிறார்களே, வாஸ்தவமா? எது பழசு, எது புதுசு என்று எப்படித் தெரிந்துகொள்வது? என் கணவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்."

சிரிக்கட்டும், அம்மா! நாம் பரணிலிருந்து எதை இறக்கினாலும் முதலில் சிரிப்பதும், பிறகு மெதுவாகப் பக்கத்தில் வந்து "என்ன விலை போகுமாம்?" என்று கேட்பதும் கணவன்மார்களின் வழக்கம்தானே?

பழைய கோலிக்கு விலை உண்டு என்பது வாஸ்தவம். ஆனால் உங்கள் டப்பாவில் இருப்பது அந்தக் கோலிதானா என்பது வேறு சங்கதி. இதை நான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. போன மாதம் போடிநாயக்கனூரில் என் அத்தை வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, ஒரு முறம் கோலியைப் பொறுக்கிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன். போன இடத்தில் கோலியைப் பற்றி மட்டும் தெரிந்துகொண்டு வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். என்னைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொண்டு வந்துவிட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து போடிக்கு இப்போது மறுபடியும் ரயில் போகிறது. 2010ஆம் ஆண்டோடு நின்றுபோன பழைய மீட்டர் கேஜ் வண்டிக்குப் பதிலாக, 2023 ஜூன் மாதம் முதல் அகலப் பாதையில் ரயில் விட்டிருக்கிறார்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மேற்கே பார்த்தால், மலைத்தொடர் நம்மோடு கூடவே வருவது போல் இருக்கும். அந்த மலை முழுவதும் ஏலக்காய். அங்கே விளைந்த காய் போடிக்கு இறங்கி, தரம் பிரித்து, ஏலம் போய், அப்புறம்தான் உங்கள் வீட்டுப் பாயசத்துக்கு வருகிறது.

அத்தை வீட்டில் ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பரணிலிருந்து இறக்கிய சாமான்களுக்கு நடுவே துருப்பிடித்த ஒரு பிஸ்கட் டின். திறந்தால் உள்ளே கோலிக்குண்டுகள்! அத்தையின் பேரனுக்குப் பதினைந்து வயது. பையன் உடனே கைபேசியை எடுத்தான். எதையோ தட்டினான். பிறகு ஒரு கூச்சல் போட்டான்.

"பெரியம்மா! இங்கே பாருங்க, அமெரிக்காவில ஒரே ஒரு கோலி, அறுபதாயிரம் ரூபாய்னு போட்டிருக்கு! நம்மகிட்ட எழுபதுக்கு மேல இருக்கு!"

அவ்வளவுதான். அதுவரை "அந்தக் குப்பையை வாசலில் கொட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்த மருமகள் முந்தானையால் டின்னைத் துடைத்தாள். ஓடு மாற்ற வந்த கொத்தனார்கூடக் கீழே இறங்கி வந்துவிட்டார். பையன் மனக்கணக்குப் போட்டு ஒரு மோட்டார் சைக்கிள் வரை வந்துவிட்டான்.

அத்தை மட்டும் அசையவில்லை. அவளுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. ஏலக்காய்க் கிடங்கில் முப்பது வருஷம் தரம் பிரித்தவள். கண்ணில் இப்போது புரை விழுந்து, சிகிச்சையும் ஆகிவிட்டது. ஆனாலும் பார்வையில் அந்தப் பழைய கூர்மை போகவில்லை.

"மொறத்தை எடுத்தா, தாயி. அதை இங்கிட்டு ஊத்து" என்றாள். "பெறக்கிப் பாத்துட்டுத்தான் வெலை சொல்லணும். வெலையச் சொல்லிட்டுப் பெறக்கக் கூடாது."

ஏலக்காயை எப்படித் தரம் பிரிக்கிறார்கள் தெரியுமா? முதலில் சல்லடை. 8 மில்லிமீட்டர் கண்ணில் விழாமல் மேலே நிற்கிற காய்க்கு ஒரு மதிப்பு. அதற்குக் கீழே விழுந்ததற்கு வேறு மதிப்பு. பிறகு நிறம். நல்ல பச்சையா, வெளுத்ததா என்று பார்க்க வேண்டும். பிறகு காயம். வெடித்த காய், பூச்சி துளைத்த காய் எல்லாவற்றையும் தனியே ஒதுக்க வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகுதான் விலைப் பேச்சு. அத்தை கோலியையும் அப்படியே பிரிக்கச் சொன்னாள். எனக்குத் தெரிந்த கோலிச் சாஸ்திரத்தை நான் சொல்லச் சொல்ல, அவள் கை பிரித்துக்கொண்டே போயிற்று. நீங்களும் உங்கள் டப்பாவை ஒரு முறத்தில் கொட்டிக்கொண்டு கூடவே வாருங்கள். கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். சிமென்டுத் தரையில் உருண்டு விழுந்தால் கோலியின் ஆயுசு குறையும்.

முதலாவது, எதனால் செய்தது என்று பாருங்கள். எல்லாக் கோலியும் கண்ணாடி அல்ல. மண்ணில் உருட்டிச் சுட்டவை உண்டு. அவை முழு உருண்டையாக இருக்காது, பளபளப்பும் இருக்காது. மண்ணைச் சுட்டு விளையாட்டுச் சாமான் செய்வது நமக்குப் புதிதா என்ன? மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் தோண்டியபோது வட்டச் சில்லுகளும் ஆட்டக்காய்களும் ஏராளமாக அகப்பட்டன. 2023ஆம் ஆண்டு திறந்த அந்த ஊர் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். அடுத்தது கல். அகேட் என்னும் வரிவரியான மணிக்கல்லைக் கையால் சாணை பிடித்து உருட்டிய கோலிகள் ஒரு காலத்தில் ஜெர்மனியிலிருந்து உலகமெங்கும் போயின. அப்படிச் சாணை பிடித்த கோலியை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினால், மேற்பரப்பில் சின்னச் சின்னப் பட்டைகள் தெரியும். வைரத் தோட்டின் பட்டையைப் பார்க்கத் தெரிந்த நமக்கு இது ஒரு பெரிய காரியமா?

அத்தை முறத்தில் மண் கோலி ஒன்றே ஒன்று இருந்தது. கல் கோலி இல்லை. மற்ற எழுபதும் கண்ணாடி.

இரண்டாவது, தொப்புள் இருக்கிறதா என்று பாருங்கள். இதுதான் முக்கியம். பிள்ளை தாயிடமிருந்து அறுபட்டுப் பிறப்பதால் தொப்புள் உண்டாகிறது அல்லவா? கையால் செய்த கண்ணாடிக் கோலியும் அப்படித்தான் பிறக்கிறது.

ஜெர்மனியில் துரிங்கியா மலைப் பிரதேசத்தில் லௌஷா என்று ஓர் ஊர் இருக்கிறது. கண்ணாடி ஊதுகிறவர்களின் ஊர். 1840களில் அங்கே ஒரு விசேஷமான கத்தரிக்கோல் உண்டாயிற்று. அதன் ஒரு முனையில் சின்னக் கிண்ணம், மறு முனையில் வெட்டும் கத்தி. வண்ணக் கண்ணாடி இழைகளைச் சேர்த்து, தெளிந்த கண்ணாடியில் தோய்த்து, முறுக்கி, நீளத் தண்டாக இழுப்பார்கள். தண்டின் நுனி இளகிச் சிவந்திருக்கும்போதே அந்தக் கிண்ணத்தில் வைத்துச் சுழற்றி, உருண்டையாக்கி, அறுத்து விடுவார்கள். தண்டிலிருந்து அறுபட்ட இடம் சொரசொரப்பாக ஒரு வடுவாக நிற்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக இரண்டு வடுக்கள். சிலவற்றில் அதைத் தேய்த்து மழுக்கியிருப்பார்கள். உள்ளே இருக்கும் வண்ணக் கோடுகள் ஒரு வடுவில் புறப்பட்டு, உடம்பைச் சுற்றிக்கொண்டு, மறு வடுவில் போய் முடியும்.

தண்டாக இழுத்து, துண்டு போட்டு, மறுபடி சூடு காட்டி முனை மழுக்கும் இந்த யுக்தி தமிழ்நாட்டுக்கும் பழக்கமானதுதான். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் சுமார் 2000 வருஷங்களுக்கு முன்பே கண்ணாடியைக் குழலாக இழுத்து, நறுக்கி, சின்னஞ்சிறு மணிகள் செய்திருக்கிறார்கள். அந்த மணிகள் கடல் கடந்து தென்கிழக்கு ஆசியா வரை போயிருக்கின்றன.

கோலியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு உருட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வடு விரலுக்குத் தெரியும். எங்கள் முறத்திலிருந்த எழுபதில் ஒன்றே ஒன்றுக்குத்தான் இரண்டு தொப்புள் இருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்தோம். நடுவில் வெள்ளை நூலால் பின்னிய வலை போல ஒரு தூண். வெளியே சிவப்பும் நீலமுமாகப் பட்டைகள். கொத்தனார் "அடேயப்பா!" என்றார்.

"இது ஏது, அத்தை?" என்று கேட்டேன்.

"எங்க அய்யா கொட்டகுடிப் பக்கம் மூட்டை தூக்கப் போனப்ப மண்ணுல கெடந்து எடுத்தாந்ததும்பாங்க" என்றாள்.

மூணாறுப் பக்கத்துத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டே கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகக் கப்பலுக்குப் போயிற்று. எந்தக் குழந்தையின் சட்டைப் பையிலிருந்து அந்தக் கோலி விழுந்ததோ, யார் கண்டது?

"இதுதானே பெரியம்மா அறுபதாயிரம்?" என்றான் பையன்.

இல்லை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். உள்ளே வெள்ளை வலை உள்ள கோலிதான் கைவேலைக் கோலிகளிலேயே சாதாரண ரகம். சின்ன அளவில், அடிபட்டது என்றால் மேல்நாட்டில் தாராளமாகவே கிடைக்கிறது. தெளிந்த கண்ணாடிக்குள் வெள்ளி போல மின்னும் ஆட்டுக்குட்டி, நாய், பறவை என்று பொம்மை வைத்த பெரிய கோலிகள் உண்டு. தாமிரப் பொடி தூவி ஜரிகை மாதிரி ஜொலிக்கிற கோலிகள் உண்டு. பெரிய விலை பெறுவது அப்படிப்பட்ட அபூர்வ ரகங்களில் குறையில்லாதவைதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் கையால் கோலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவற்றுக்கும் தொப்புள் உண்டு. ஆகவே தொப்புள் இருந்தால் கையால் பிறந்தது என்று நிச்சயம். நூறு வயது என்று நிச்சயமில்லை. உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் பழசு என்பதும் தப்பு. குமிழி புதிதிலும் உண்டு.

மூன்றாவது, தொப்புள் இல்லாத கோலிகள். இவை யந்திரத்தில் பிறந்தவை. அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் மார்ட்டின் கிறிஸ்டென்சன் என்பவர் 1905ஆம் ஆண்டு கோலி செய்யும் யந்திரத்துக்கு உரிமை வாங்கினார். பள்ளம் வெட்டிய உருளைகளுக்கு நடுவே காய்ந்த கண்ணாடித் துளி உருண்டு உருண்டு, எந்தப் பக்கமும் வடு இல்லாத முழு உருண்டையாக வெளியே வரும். 1914இல் யுத்தம் மூண்டு ஜெர்மன் சரக்கு நின்றது. யந்திரக் கோலிக்கு யோகம் அடித்தது. வெள்ளைக் கண்ணாடியில் வண்ணம் திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டு போகிறதா, திட்டுத் திட்டாக இருக்கிறதா, இரண்டு பக்கமும் மெல்லிய தையல் கோடு தெரிகிறதா என்பதையெல்லாம் வைத்து எந்த ஆலையில் செய்தது என்று தேர்ந்தவர்கள் சொல்லிவிடுவார்கள்.

தெளிந்த கண்ணாடிக்குள் பூவிதழ் மாதிரி வண்ணம் இருக்குமே, அதைப் பூனைக்கண் கோலி என்பார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஜப்பான் இதைச் செய்து உலகச் சந்தையில் குவித்தது. பிறகு எல்லோரும் செய்தார்கள். உங்கள் டப்பாவிலும் பெரும்பாலும் இதுதான் இருக்கும். எங்கள் முறத்தில் முப்பத்தெட்டு! வெண்கண்ணாடியில் வண்ணம் சுற்றியவை இருபது. வெறும் தெளிந்த கோலி எட்டு. பார்க்க அழகு, பேரப்பிள்ளைகளுக்கு ஆனந்தம். விற்கப் போனால் பஸ் செலவுக்குத் தேறாது. அவ்வளவுதான்.

நான்காவது, காயம். பூச்சி துளைத்த ஏலக்காய் எத்தனை பச்சையாக இருந்தாலும் ஒதுக்கப்படுவது போல, சில்லுப் போன கோலியின் மதிப்பு சட்டென்று இறங்கிவிடும். ஆடிய கோலியில் பிறை நிலா வடிவத்தில் உள்காயங்கள் இருக்கும். அவற்றை மறைக்க மெருகு போட்டுக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. மெருகு போட்டால் பழைய மேற்பரப்பே போய்விடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் அதற்கு இன்னும் குறைவாகத்தான் கொடுப்பார்கள். எனவே, அம்மணிகளே, தயவு செய்து உங்கள் கோலிகளை எதைப் போட்டும் தேய்க்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, ஒரு மெல்லிய துணி போதும். கொதிநீரில் போட்டுவிட்டுக் குளிர்ந்த நீரில் போடக் கூடாது; கண்ணாடி விண்டுவிடும்.

இப்படி எல்லாம் பிரித்து முடித்த பிறகு முறத்தின் ஓரத்தில் மூன்று கோலிகள் மிஞ்சின. தொப்புள் இல்லை. உள்ளே பூ இல்லை, நூல் இல்லை. மங்கலான கடல் பச்சை நிறம், அவ்வளவே.

"இது சோடாப் புட்டிக் கோலி. இதுக்கு ஒண்ணுமே இல்லை, தூக்கிப் போடலாம்" என்று பையன் தீர்ப்புச் சொன்னான்.

அவன் சொன்னது சரிதான். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் உரிமை வாங்கிய புட்டி அது. கழுத்துக்குள் ஒரு கோலி. வாயில் ஒரு ரப்பர் வளையம். உள்ளே இருக்கும் வாயு கோலியை மேலே தள்ளி வளையத்தில் அழுத்தி வைத்துக்கொள்ளும். தனியாக மூடி வேண்டியதில்லை. கட்டை விரலால் அழுத்தினால் 'கீச்' என்று கத்திவிட்டுக் கோலி கழுத்துப் பள்ளத்தில் இறங்கி உட்காரும். அது பிறந்த நாட்டில் இந்தப் புட்டி வழக்கொழிந்து எத்தனையோ காலமாயிற்று. ஜப்பானிலும் நம் நாட்டிலும் இன்னும் ஓடுகிறது. 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, அந்நியக் குளிர்பானங்களை விற்க மாட்டோம் என்று தமிழ்நாட்டு வியாபாரிகள் சொன்னபோது, கோலி சோடாவுக்கு மறுபடி ஒரு மவுசு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

புட்டியை உடைக்காமல் அந்தக் கோலியை வெளியே எடுக்க முடியாது. அதனால்தான் அந்தக் கோலிக்கு மதிப்பில்லை. முழுசாகத் தப்பிப் பிழைத்த, கடைப் பெயர் பொறித்த பழைய புட்டிக்குத்தான் மதிப்பு. கோலிக்கு ஆசைப்பட்டு எல்லா நாட்டிலும் பிள்ளைகள் புட்டியை உடைத்தார்கள். பழைய புட்டிகள் அரிதாகிப் போனதற்கு அவர்களும் ஒரு காரணம்.

அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

1966 கோடை விடுமுறை. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஏழு. இருவரும் அத்தை வீட்டுக்கு வந்திருந்தோம். தெரு முனையில் ஒரு பெட்டிக்கடை. சோடா வண்டி தள்ளிக்கொண்டு வரும் பையன் காலிப் புட்டிகளை மரப்பெட்டியில் அடுக்கிக் கடைக்குப் பின்னால் வைத்திருப்பான். அவனுக்கு என்ன, பன்னிரண்டு வயது இருக்கும். தெருப் பிள்ளைகளோடு கோலி ஆடித் தோற்று, முட்டி தேயத் தேயக் கோலியைத் தள்ளிக்கொண்டு வந்த தம்பிக்குப் பச்சைக் கோலி இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. மத்தியான வேளையில் நான் காவல் நின்றேன். அவன் மூன்று புட்டிகளை எடுத்து வந்தான். கிணற்றடியில் துவைக்கிற கல்லில் இருவருமாக உடைத்தோம்.

சாயங்காலம் கணக்குப் பார்த்தபோது மூன்று புட்டி குறைந்தது. வண்டிக்காரப் பையனை முதலாளி தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டினார். "வித்துட்டியாடா?" என்று கேட்டுக் கேட்டு அறைந்தார். கூலியில் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். அவன் ஒரு முறை எங்கள் பக்கம் திரும்பினான். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியது நான். நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஒளித்து வைத்த இடத்தில் கோலிகளைக் காணோம். தம்பி எடுத்தான் என்று நானும், நான் எடுத்தேன் என்று அவனும் சண்டை போட்டுக்கொண்டோம். பிறகு மறந்தே போனோம். தம்பி இப்போது இல்லை. காலமாகி நாலு வருஷம் ஆகிறது.

அத்தை அந்த மூன்றையும் முறத்திலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"இதை எதுக்குத் தூக்கிப் போடணும்? இதுக்கு வெலை அப்பவே குடுத்தாச்சு" என்றாள்.

எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது. "உங்களுக்குத் தெரியுமா, அத்தை?"

"தொவைக்கிற கல்லச் சுத்திக் கண்ணாடிச் சில்லு கெடந்துச்சே, கால்ல குத்தாமலா இருக்கும்? சனிக்கெழமை கூலி வாங்குனதும் அந்தப் பையனக் கூப்பிட்டு, மூணு புட்டிக் காசயும் அவன் கையில குடுத்துட்டேன். ஏன், எதுக்குன்னு அவனும் கேக்கல."

"எங்களை ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?"

"லீவுக்கு வந்த புள்ளைகள அடிச்சு அழ விட்டா, உங்கப்பன் மறு வருசம் அனுப்புவானா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "கேட்டிருக்கணும் தாயி. காசு நான் குடுத்துட்டேன். களவாணிப் பயன்னு தெருவே பேசுச்சே, அந்தப் பேரு அவன் மேலதான நின்னுச்சு? அதை நான் தொடைக்கலையே."

நான் துடைத்திருக்கலாம். தெருவில் நின்று, "நாங்கள்தான் உடைத்தோம்" என்று ஒரு வாக்கியம் சொல்ல ஒன்பது வயது போதும். சொல்லவில்லை. அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. இருந்தால் எழுபதைத் தாண்டியிருப்பான். இந்தப் பத்திரிகை அவன் வீட்டுக்கு வருமோ வராதோ. வந்தால், போடியில் சோடா வண்டி தள்ளிய ஐயா, புட்டியை உடைத்தது நீங்கள் இல்லை என்று உங்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள். உடைத்தவள் இதோ எழுதியிருக்கிறாள்.

பையன் மோட்டார் சைக்கிளை மறந்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தானாகவே உள்ளே போய் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்தான். பழைய சாமான் சேர்க்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, எது எங்கிருந்து வந்தது என்று எழுதி வைப்பது என்று நான் சற்று முன்பு அவனிடம் சொல்லியிருந்தேன். ஒவ்வொன்றாக எழுதினான். "மண் கோலி, 1. வலைக் கோலி, இரண்டு தொப்புள், கொட்டகுடியில் கிடைத்தது, 1." கடைசியில் பேனாவைத் தூக்கிக்கொண்டு, "பெரியம்மா, இந்த மூணுக்கு என்ன எழுத?" என்று கேட்டான்.

"நடந்ததை எழுது" என்றேன். எழுதினான்.

திருச்சி சகோதரிக்கு இப்போது சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டப்பாவைக் கொட்டிப் பிரியுங்கள். விரலால் தொப்புளைத் தேடுங்கள். வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். காயத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். விசேஷமானது என்று தோன்றுவதைத் தனித் தனியாகப் பஞ்சில் சுற்றி வையுங்கள். ஒன்றோடு ஒன்று உரசக் கூடாது. கைபேசியில் காட்டுகிற விலை கேட்கிறவர் கேட்கும் விலை. கொடுக்கிறவர் கொடுத்த விலை அல்ல. ஒருவர் சொன்ன விலைக்கு உடனே கொடுத்துவிடாமல் இன்னொருவரிடமும் காட்டுங்கள். வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் இத்தனையும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வாயில் போட்டுத் தொண்டையில் சிக்கினால் ஆபத்து. பழைய சோடாப் புட்டி அகப்பட்டால் கோலிக்கு ஆசைப்பட்டு உடைத்துவிடாதீர்கள், அப்படியே வையுங்கள்.

முக்கியமாக, வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பிரியுங்கள். எந்தக் கோலி எப்படி வந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் சொல்வது எல்லாம் கேட்கச் சுகமாக இருக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். இருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வலைக் கோலியை விற்கவில்லை. டின் மறுபடி பரணுக்குப் போகவும் இல்லை. அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்து மாடத்தில் நோட்டோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. பச்சைக் கோலியில் ஒன்றை எனக்குக் கொடுத்தனுப்பினாள். இதை எழுதும்போது மேஜை மேல் இருக்கிறது.

அடுத்த வாரம்: பாட்டியின் பல்லாங்குழியில் பூச்சி அரிக்காமல் பாதுகாப்பது எப்படி?